நூலக மேசையிலிருந்து: மைல்ஸ் ஃபிராங்க்ளின் ஆணா, பெண்ணா?

போன இதழில், அவுஸ்திரேலிய இலக்கிய விருது ஒன்றைப் பற்றி, "விருது அறிவித்த மறுநாள் எங்கள் நூலக மேசையில் ஃபோன் ஓயவில்லை" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதமா! மேற்கு சிட்னியில் ஒரு சின்னப் பொது நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்குகிற எனக்கு, விருதுக் குழுவில் இருந்தவளைப் போலக் கேள்விகள் வந்திருக்கின்றன. தெரிந்ததைச் சொல்கிறேன்.

அன்ரி, பள்ளிக்கூடத்தில் அவுஸ்திரேலிய இலக்கிய விருதுகள் பற்றி மூன்று நிமிடம் பேச வேண்டும். மைல்ஸ் ஃபிராங்க்ளின் என்ற ஐயா யார்? ஏன் அவர் பெயரில் விருது?
*பத்தாம் வகுப்பு மாணவி, பெண்டில் ஹில்*

முதலில் அந்த 'ஐயா'வை வெட்டிவிடுங்கள் பிள்ளை. மைல்ஸ் ஃபிராங்க்ளின் ஒரு பெண். ஸ்டெல்லா மரியா சாரா மைல்ஸ் ஃபிராங்க்ளின் என்று மூச்சு வாங்கச் சொல்ல வேண்டிய பெயர். 1879 இல் நியூ சவுத் வேல்ஸின் மலைப்பக்கம் டல்பிங்கோ என்ற இடத்தில் பிறந்தவர். இருபத்தொரு வயதில், 1901 இல், 'மை பிரில்லியன்ட் கரியர்' என்ற முதல் நாவல் வெளிவந்துவிட்டது. பெண் எழுதியது என்று தெரிந்தால் தட்டிக்கழிப்பார்கள் என்ற எண்ணத்தில் பெயரில் இருந்த 'மைல்ஸ்' என்ற துண்டை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். முதற் கப்பல்களில் கைதியாக வந்திறங்கிய ஒரு முன்னோரின் பெயர் அது. முன்னுரை எழுதிக் கொடுத்தவர் அந்தக் காலத்துப் பெரிய எழுத்தாளர் ஹென்றி லோசன். என்ன செய்தார் தெரியுமா? இதை எழுதியது ஒரு பெண்பிள்ளை என்று முன்னுரையிலேயே போட்டு உடைத்துவிட்டார். உதவிக்கு வந்த மனிசன் செய்த வேலை!

பிறகு சிக்காகோ போய்ப் பெண் தொழிலாளர் சங்கத்தில் வேலை, அப்புறம் லண்டன், முதலாம் உலகப்போரில் மசிடோனியாவில் ஒரு போர்க்கள மருத்துவமனையில் சமையலும் எடுபிடியும். திரும்பி வந்து சிட்னியின் காள்ட்டனில் சிக்கனமாக வாழ்ந்தார். 'பிரென்ட் ஒஃப் பின் பின்' என்ற புனைபெயரில் நாவல் வரிசை ஒன்று வந்தது. அது நான்தான் என்று அவர் உயிரோடிருக்கும்வரை ஒப்புக்கொள்ளவேயில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பதில் கெட்டிக்காரி.

அதைவிடப் பெரிய இரகசியம் உயில். 1954 இல் அவர் இறந்த பிறகு பிரித்துப் பார்த்தால், மிச்சம்பிடித்துச் சேர்த்த ஒன்பதாயிரம் பவுணுக்குக் கிட்டத்தட்ட வருகிற சொத்தை ஆண்டுதோறும் ஒரு நாவலுக்குப் பரிசு கொடுக்க எழுதிவைத்திருந்தார். 1957 இல் முதற் பரிசு பட்ரிக் வைட்டின் 'வொஸ்' நாவலுக்குப் போனது. ஐந்நூறு பவுண். இன்றைக்கு 60,000 டொலர். ஒரு பெண் ஆண்பெயரில் ஒளிந்து எழுதியதும், கடைசிக் காலம்வரை காசை எண்ணி எண்ணிச் செலவழித்ததும்தான் உங்கள் பேச்சுக்கு வேண்டிய கதை. மூன்று நிமிடத்துக்கு இது காணும்.

பிள்ளை, நாற்பது வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன். 'அவுஸ்திரேலிய வாழ்க்கை'யைச் சொல்லும் நாவலுக்குத்தான் அந்தப் பரிசு என்று உயிலில் இருக்கிறதாம். அப்படியிருக்க, பாதிக்கதை இலங்கையில் நடக்கிற சங்கரி சந்திரனின் புத்தகத்துக்கு 2023 இல் எப்படிக் கொடுத்தார்கள்? எங்கள் ஆட்களுக்குச் சலுகையோ?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், டூங்காபி*

'சலுகை' என்ற சொல்லை எழுதும்போது உங்களுக்கே கை கூசியிருக்கும் ஐயா. வாசித்த எனக்கும் கூசியது. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அந்த விருதின் முழுச் சரித்திரமும் அந்த ஒரு வரிக்குள்தான் கிடக்கிறது.

உயிலில் அவர் கேட்டது இரண்டு. உயர்ந்த இலக்கியத் தரம், அத்தோடு அவுஸ்திரேலிய வாழ்க்கையை அதன் எந்தக் கட்டத்திலாவது காட்டுவது. 'எந்தக் கட்டத்திலாவது' என்பதைக் கவனியுங்கள். கதவை அந்த அம்மா திறந்துதான் வைத்தார். பிறகு வந்தவர்கள் காற்றடிக்கும்போதெல்லாம் சாத்திச் சாத்தித் திறந்தார்கள்.

1994 இல் ஃபிராங்க் மூர்ஹவுஸின் 'கிராண்ட் டேய்ஸ்' நாவலைப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. கதாநாயகி அவுஸ்திரேலியப் பெண்தான். ஆனால் அவள் ஜெனீவாவில், ஐ.நா.வுக்கு முந்திய 'லீக் ஒஃப் நேஷன்ஸ்' என்ற சர்வதேச சங்கத்தில் வேலை பார்க்கிறாள், கதை அங்கே நடக்கிறது. ஆகவே அவுஸ்திரேலியத்தன்மை போதாதாம். அடுத்த வருடம், 1995 இல், பெரும்பகுதி உக்ரைனில் நடக்கிற நாவல் ஒன்றுக்குப் பரிசு கொடுத்தார்கள். எழுதியவர் ஹெலன் டெமிடென்கோ. உக்ரைன் குடியேறிகளின் மகள் என்று சொல்லி, உக்ரைன் நாட்டுப்புறச் சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு பேட்டி கொடுத்தார். கொஞ்ச நாளில் குட்டு வெளிப்பட்டது. உண்மைப் பெயர் ஹெலன் டார்வில், பெற்றோர் இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள். உக்ரைன் இரத்தம் ஒரு சொட்டும் இல்லை. புலம்பெயர்ந்தவரின் குரல் இந்த நாட்டுக்கு வேண்டியிருந்தது. உண்மையான புலம்பெயர்ந்தவர்கள் அப்போது கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். சரி, மூர்ஹவுஸுக்கும் நியாயம் கிடைத்தது. அதே கதாநாயகியின் அடுத்த பாகத்துக்கு 2001 இல் விருது.

அதன் பிறகு கதவு ஓரளவு திறந்தே இருக்கிறது. 2013 இல் மிஷேல் டி கிரெட்சர். கொழும்பில் பிறந்து பதின்ம வயதில் மெல்பேர்ணுக்கு வந்தவர், பறங்கியர் குடும்பம். 'குவெஸ்சன்ஸ் ஒஃப் டிராவல்' நாவலில் இரண்டு பேர் மாறி மாறி வருகிறார்கள். உலகம் சுற்றுகிற ஓர் அவுஸ்திரேலியப் பெண், உயிர்தப்பி ஓடிவருகிற ஓர் இலங்கைக்காரன். இருவரும் செய்வது பயணம்தான், ஆனால் ஒரே சொல்லுக்கு எவ்வளவு தூரம்! 2018 இல் அவருக்கு மறுபடியும் கிடைத்தது. 2016 இல் ஏ. எஸ். பட்ரிச். போரில் பொஸ்னியாவின் சரயேவோ நகரை விட்டு ஓடிவந்த தம்பதியின் கதை. ஊரில் கவிஞனாக இருந்தவன் மெல்பேர்ணில் மருத்துவமனைச் சுவரைத் துடைக்கிறான். நம்மில் எத்தனை வாத்தியார்மார் இரவில் அலுவலகம் கூட்டினார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இனிச் சங்கரி. லண்டனில் பிறந்து கன்பராவில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பெற்றோரின் மகள், சட்டத்தரணி. அவருடைய முதல் நாவல் 'சோங் ஒஃப் த சன் கோட்' இங்கே பதிப்பாளர் கிடைக்காமல் இலங்கையில்தான் முதலில் வந்தது. அவுஸ்திரேலியத்தன்மை போதாது என்ற பழைய பாட்டைத்தான் அவருக்கும் பாடியிருக்கிறார்கள். 'சாய் டைம் அட் சினமன் கார்டன்ஸ்' மேற்கு சிட்னியில் ஒரு முதியோர் இல்லத்தில் நடக்கிறது. கப்டன் குக்கின் சிலை, இனவெறுப்பு, ஊரில் நடந்தவற்றைப் பேச முடியாமல் வைத்திருக்கிற கிழவர்கள். இது அவுஸ்திரேலிய வாழ்க்கை இல்லையென்றால், உங்கள் டூங்காபி எந்த நாட்டில் இருக்கிறது ஐயா?

ஒரு சின்னச் சம்பவம். எங்கள் நூலகத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் வருகிற ஒரு வெள்ளைக்கார அம்மா, 'சாய் டைம்' என்ற தலைப்பைப் பார்த்து, தேநீரும் பிஸ்கட்டுமாக லேசான கதை என்று நினைத்து எடுத்துக்கொண்டு போனார். மூன்று கிழமை கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தவர் மேசையில் வைத்தார், ஆனால் கையை எடுக்கவில்லை. "அந்தப் பையன் ரூபன், உடம்பெல்லாம் தழும்பு. அப்படியெல்லாம் உண்மையில் நடந்ததா?" என்று கேட்டார். பின்னால் வரிசையில் ஆட்கள். நான் "ஓம்" என்று மட்டும் சொன்னேன். ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதைத் தமிழில் சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கியது. பதினைந்து வருடமாக என்னிடம் புத்தகம் வாங்குகிறவர், அன்றைக்குத்தான் நான் எந்த ஊர் என்று கேட்டார்.

ஸ்டெல்லா விருது என்றும் ஒன்று இருக்கிறதே. பெண்களுக்கென்று தனி விருது எதற்கு? திறமை இருந்தால் பொதுவில் வெல்லலாமே.
*வாசகர், ஹோம்புஷ்*

மைல்ஸ் ஃபிராங்க்ளின் உண்மைப் பெயரின் முதற் துண்டுதான் ஸ்டெல்லா. 2009 இலும் 2011 இலும் அவர் பெயரிலுள்ள விருதின் இறுதிப் பட்டியலில் ஒரு பெண்கூட இல்லை. ஒரு பெண் விட்டுப்போன காசு! பொறுத்துப் பார்த்தவர்கள் போதும் என்று தனி விருது தொடங்கினார்கள். 2013 இல் முதற் பரிசு காரி டிஃபனிக்கு. அவர் அதில் பத்தாயிரம் டொலரை இறுதிப் பட்டியலில் இருந்த மற்றப் பெண்களோடு பகிர்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். 2012 முதல் 2024 வரை பதின்மூன்று மைல்ஸ் ஃபிராங்க்ளின் பரிசுகள். அதில் ஆணுக்குப் போனது ஒன்றே ஒன்று, மேலே சொன்ன பட்ரிச். பெண்களின் திறமை 2012 இல் திடீரென்று பெருகியதா, அல்லது படிக்கிறவர்களின் கண் திறந்ததா? நீங்களே சொல்லுங்கள் அண்ணை. (2025 இல் மறுபடியும் ஓர் ஆண், பிரிஸ்பேனில் இருக்கிற சியாங் லூ. சிட்னியில் சீனத் துணைத்தூதரகத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருப்பவனுக்குச் சீனமே தெரியாது, கூகிளை வைத்து ஒப்பேற்றுகிறான், வேலை போகிறது. தமிழ்ப் பள்ளிக்குப் போக மறுக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லிச் சிரிக்கலாம்.)

அக்கா, இந்தப் பரிசுகளால் எழுத்தாளர்கள் பணக்காரர் ஆகிவிடுகிறார்களா?
*கணக்காளர், பிளாக்டவுன்*

இங்கே புத்தகம் எழுதுகிறவர்கள் எழுத்தால் மட்டும் சம்பாதிப்பது வருடத்துக்குச் சராசரி 18,200 டொலர் என்று மக்குவாரி பல்கலைக்கழகம் 2022 இல் எடுத்த கணக்கு சொல்கிறது. உங்கள் வாடிக்கையாளர்களில் யாராவது அந்த வருமானத்தோடு வந்தால் என்ன சொல்வீர்கள்? ஆகவே பரிசு என்பது பணக்காரர் ஆவதற்கு இல்லை. ஒரு வருடம், ஒன்றரை வருடம் வேறு வேலைக்குப் போகாமல் எழுதுவதற்கு.

பிரதமரின் இலக்கிய விருது ஒவ்வொரு பிரிவுக்கும் 80,000 டொலர், வரி இல்லை. உங்களுக்கு அந்த இரண்டாவது செய்திதான் இனிக்கும். 2008 இல் தொடங்கியது. அந்தக் காலத்தில் அதில் கடைசி முடிவு பிரதமருடையதாக இருந்தது. 2014 இல் நடுவர்கள் ஸ்டீவன் கரோலின் நாவலைத் தெரிவுசெய்ய, அப்போதைய பிரதமர் டோனி அபொட் தலையிட்டு ரிச்சர்ட் ஃபிளனகனையும் சேர்த்து இருவருக்கும் பங்கிட்டுக் கொடுத்தார். ஃபிளனகன் மேடையிலேயே தன் பங்கான 40,000 டொலரைப் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு கொடுக்கிற ஓர் அமைப்புக்குக் கொடுத்துவிட்டார். ஃபிளனகன் நல்ல எழுத்தாளர்தான், அதே வருடம் புக்கர் பரிசும் வாங்கினார். ஆனாலும் நடுவர்களைக் கூப்பிட்டு இருத்திவிட்டுத் தீர்ப்பை வேறொருவர் மாற்றுவது எனக்குப் பிடிக்கவில்லை.

அரசியல்வாதி கொடுத்ததை அரசியல்வாதி எடுக்கவும் செய்வார். 2012 இல் குயின்ஸ்லாந்தில் புதிதாக வந்த முதல்வர் கம்பல் நியூமன், வந்த கையோடு மாநில இலக்கிய விருதுகளை நிறுத்தினார். மிச்சமானது இரண்டரை இலட்சம் டொலர்கூட இல்லை. எழுத்தாளர்களும் வாசகர்களும் கையில் இருந்ததைப் போட்டு அதே வருடம் விருதைத் தாங்களாகவே நடத்திக் காட்டினார்கள்.

காசு பற்றிக் கேட்டதால் இதையும் சொல்கிறேன். பட்ரிக் வைட்டுக்கு 1973 இல் நோபல் கிடைத்தது. அந்தப் பணத்தை அப்படியே போட்டு, நெடுங்காலம் எழுதியும் உரிய கவனம் கிடைக்காதவர்களுக்கென்று ஒரு விருது ஏற்படுத்தினார். 1999 இல் அதை வாங்கியவர் ஜெரால்ட் மர்னேன் என்ற எழுத்தாளர். விக்டோரியாவின் மேற்கு மூலையில் கொரோக் என்ற குட்டி ஊரில் இருக்கிறார், விமானம் ஏறாதவர். அவரைப் பற்றிய ஆய்வரங்கை அந்த ஊர் கொல்ஃப் மண்டபத்தில்தான் வைத்தார்கள். வந்த பேராசிரியர்களுக்குக் குடிபானம் ஊற்றிக் கொடுத்தவர் அவரேதான்.

விருது வாங்கிய புத்தகம் என்று 'பிரெய்ஸ்வேர்தி'யை எடுத்தேன். எழுநூறு பக்கத்துக்கு மேல். ஐம்பதாம் பக்கத்தில் கைவிட்டுவிட்டேன். எனக்கு மூளை இல்லையா, புத்தகத்தில் ஏதும் இல்லையா?
*வாசகி, வென்ட்வொர்த்வில்*

நான் முதல் முறை அறுபதில் விட்டேன். பத்துப் பக்கம் உங்களை முந்திவிட்டேன், அவ்வளவுதான்.

இதை எழுதிய அலெக்சிஸ் ரைட் வான்யி என்ற பூர்வகுடி இனத்தவர், வடக்கே கார்பென்டேரியா வளைகுடாப் பக்கம். அவருடைய 'கார்பென்டேரியா' நாவலைப் பெரிய பதிப்பகங்கள் வேண்டாம் என்ற பிறகு ஜிரமோண்டோ என்ற சின்னப் பதிப்பகம் போட்டது. 2007 இல் அதற்கு மைல்ஸ் ஃபிராங்க்ளின். 'பிரெய்ஸ்வேர்தி' 2024 இல் ஸ்டெல்லா, மைல்ஸ் ஃபிராங்க்ளின் இரண்டையும் ஒரே வருடத்தில் வாங்கியது. ஒரு ஊரின்மேல் புகைமூட்டம் கவிந்து கிடக்கிறது. அங்கே ஒருவன் இனிப் பெற்றோல் இல்லாத காலம் வரப்போகிறது, கழுதைகளை வைத்துப் போக்குவரத்துக் கம்பெனி தொடங்கிக் கோடீஸ்வரன் ஆகிறேன் என்று காட்டுக்கழுதைகளைப் பிடித்துக்கொண்டு திரிகிறான். ஊர் முழுக்கக் கழுதை. சிரிப்பாகத்தான் தொடங்கும். அவனுடைய மூத்த மகனுக்கு என்ன ஆகிறது என்று வருகிறபோது சிரிப்பு தொண்டையில் நிற்கும்.

இதை நாவல் என்று வேகமாக வாசித்தால் மூச்சு முட்டும். கோயிலில் புராணம் படித்துப் பயன் சொல்கிறபோது சொன்னதையே திரும்பச் சொல்லிச் சுற்றி வருவார்களே, அந்தக் காதோடு இருந்தால் பிடிபடுகிறது. இரண்டாம் முறை நான் ஒலிப்புத்தகமாகக் கேட்டேன், சமையல் செய்துகொண்டு.

ஆனால் அங்கே தொடங்காதீர்கள். தாரா ஜூன் வின்ச்சின் 'த யீல்ட்' எடுங்கள், 2020 விருது. விராஜுரி இனத்துத் தாத்தா ஒருவர் சாகப்போகிறார் என்று தெரிந்ததும் உட்கார்ந்து தன் மொழிக்கு அகராதி எழுதுகிறார். அதுவும் கடைசி எழுத்துப் பக்கமிருந்து பின்னோக்கி. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் எழுதப் போய் அது ஒரு கதையாகிவிடுகிறது: ஒரு சொல்லில் ஆறு, ஒரு சொல்லில் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போன மிஷன் விடுதி. பேத்தி இங்கிலாந்திலிருந்து இழவுக்கு வருகிறாள். வீடிருக்கிற நிலத்தில் சுரங்கம் தோண்டப் போகிறார்கள். 'யீல்ட்' என்றால் ஆங்கிலத்தில் நிலத்திலிருந்து நாம் எடுப்பது, விளைச்சல். தாத்தாவின் மொழியில் அதற்கான சொல் நாம் கொடுப்பதைச் சொல்கிறது. அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு நான் அம்மம்மாவின் சொற்களைக் கொப்பி ஒன்றில் எழுதத் தொடங்கினேன். 'கடகம்' வரை வந்திருக்கிறேன், அப்புறம் நேரம் கிடைக்கவில்லை.

பூர்வகுடி எழுத்தாளர் ஒருவருக்கு முதன்முதலாக மைல்ஸ் ஃபிராங்க்ளின் கிடைத்தது 2000 இல், நூங்கார் இனத்தவரான கிம் ஸ்கொட்டுக்கு. விருது தொடங்கி நாற்பத்து மூன்று வருடம் கழித்து. அதுவும் அந்த வருடப் பரிசை இன்னொருவரோடு பங்கிட்டுத்தான்.

தமிழில் எழுதினால் இங்கே விருது உண்டா?
*சிறுகதை எழுதுபவர், மெல்பேர்ண்*

நேராகச் சொல்கிறேன் தம்பி, இந்தப் பெரிய விருதுகளின் நடுவர்கள் ஆங்கிலத்தில் வாசிக்கிறவர்கள். எஸ்.பொ. என்ற எஸ். பொன்னுத்துரை சிட்னியில்தான் கடைசிக் காலத்தைக் கழித்தார், 2014 இல் இங்கேயே காலமானார். ஈழத்து உரைநடையையே திருப்பிப்போட்ட மனிதர். இந்த நாட்டு இலக்கிய உலகத்துக்கு அப்படி ஒருவர் பக்கத்துத் தெருவில் இருந்தது தெரியாமலே போய்விட்டது. தெரிய வைக்க மொழிபெயர்ப்பு வேண்டும். எங்களில் யாரும் முன்வரவில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

மொழிபெயர்ப்பு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு பெஹ்ரூஸ் பூச்சானி இருக்கிறார். அவுஸ்திரேலியா நாட்டுக்குள் விடாமல் பப்புவா நியூகினியின் மானுஸ் தீவில் அடைத்துவைத்திருந்த குர்திய அகதி. ஃபார்சி மொழியில் கைத்தொலைபேசியில் துண்டு துண்டாகத் தட்டி வட்ஸ்அப்பில் அனுப்பினார். ஒமிட் தொஃபிகியான் அதை ஆங்கிலமாக்கினார். 2019 சனவரியில் விக்டோரியா மாநிலத்தின் தலைப் பரிசு, 100,000 டொலர், அந்தப் புத்தகத்துக்கு. விதிப்படி இந்த நாட்டுக் குடிமகனோ நிரந்தர வதிவிடம் உள்ளவரோதான் போட்டியிடலாம். அவருக்காக விலக்களித்தார்கள். நாட்டுக்குள் கால்வைக்க விடாத ஒருவருக்கு அந்த நாட்டின் மிகப் பெரிய பரிசுகளில் ஒன்று! மேடையில் மொழிபெயர்ப்பாளர்தான் ஏறி வாங்கினார்.

அடுத்த வருடம், 2020 இல், அதே பரிசு எஸ். சக்திதரனின் 'கவுண்டிங் அன்ட் கிராக்கிங்' நாடகத்துக்கு. சிட்னி நகர மண்டபத்தில் முதலில் போட்டபோது போயிருந்தேன். நடிகர்கள் மேடையில் தமிழ் பேச, பக்கத்தில் நிற்கிற இன்னொரு நடிகர் உடனுக்குடன் ஆங்கிலத்தில் சொல்கிறார். தமிழ் வசனத்துக்கு நாங்கள் ஒரு கணம் முந்திச் சிரித்தோம், மற்றவர்கள் பிந்திச் சிரித்தார்கள். இருபத்தைந்து வருடத்தில் இந்த நாட்டில் நான் முந்திச் சிரித்தது அன்றைக்குத்தான்.

மகன் ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதி வைத்திருக்கிறான். யாருக்கும் காட்டமாட்டேன் என்கிறான். விருதுக்கு எப்படி அனுப்புவது?
*ஒரு அம்மா, டன்டினோங்*

அச்சான புத்தகத்தைப் பெரும்பாலும் பதிப்பகம்தான் அனுப்பும். கட்டணமும் பிரதிகளும் அவர்கள் பொறுப்பு. அச்சாகாத எழுத்துப்படிக்கென்று தனி விருது இருக்கிறது. நீங்கள் விக்டோரியாவில் இருப்பதால் மாநில முதல்வரின் விருதுகளில் அந்தப் பிரிவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஜேன் ஹார்ப்பரின் 'த டிரை' 2015 இல் அப்படித்தான் வெளியே வந்தது. ஆனால் அம்மா, அவனுக்குத் தெரியாமல் நீங்கள் அனுப்பிவிடாதீர்கள். உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் பார்த்தால் அந்த எண்ணம் இருப்பதுபோலத் தெரிகிறது.

அக்கா, ஓகஸ்ட்டில் பள்ளியில் புத்தக வாரம். மகளுக்கு வேஷம் போட வேண்டும். எல்லாரும் போடுகிற தேவதை வேண்டாம், விருது வாங்கிய புத்தகத்திலிருந்து ஏதாவது? தைக்கத் தெரியாது.
*இளம் தாய், செவன் ஹில்ஸ்*

சிறுவர் புத்தக மன்றம் 1946 இல் முதன்முதல் விருது கொடுத்தது ஓர் ஈமு பறவையின் கதைக்கு, 'கராவிங்கி'. பழைய மண்ணிறத் துணியைக் கீலம் கீலமாகக் கிழித்து இடுப்பில் கட்டிவிடுங்கள், நீளக் கறுப்புக் காலுறை, முடிந்தது. தையல் தேவையில்லை.

இரவில் வாசிக்க வான்டா கிப்சனின் 'திரீ டிரெஸ்ஸஸ்' எடுத்து வைத்திருக்கிறேன். படப் புத்தகம்தான். 2025 இல் விக்டோரியாவின் அந்த 100,000 டொலர் பரிசை வாங்கிய முதற் சிறுவர் நூல். மிஷனில் வளர்ந்த பூர்வகுடிச் சிறுமிக்கு வருடத்தில் மூன்று சட்டை: ஒன்று தோய்க்க, ஒன்று போட, ஒன்று கைவசம். எழுதியதும் படம் வரைந்ததும் அவரே, பாட்டியாகிவிட்ட வயதில். மேசையில் உங்கள் பெயர் சொல்லிக் கேளுங்கள். இரண்டு கிழமைதான் தரலாம், பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். பக்கங்களில் ஜாம் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.